முயலும் வாத்தும், ராத்தாவும் நானும்



பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டு விறாந்தை என் கையை விட்டுப் போய்விடும். மகள்மாரின் பிள்ளைகள் எல்லாம் இங்கேதான். போன வாரம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தேன். ஒரே சிரிப்புச் சத்தம். ஐந்து பேரும் ஒரு சின்னத் திரையைச் சுற்றிப் படுத்துக்கிடந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

“உம்மம்மா, இதில இரிங்க, இந்த வாத்தப் பாருங்க!” என்று சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டாள். என்ன பார்க்கிறார்கள் என்று தெரியாமல் விரட்டுவதைவிட, பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது என்று இந்தப் பக்கத்தில் பல முறை எழுதியவள் நான். எழுதியபடி நடக்க வேண்டாமா? இருந்தேன்.

ஏழு நிமிடம் சொச்சம் ஓடும் ஒரு கார்ட்டூன் படம் அது. தொடங்கிச் சற்று நேரத்தில் நானும் சிரித்தேன். முடிந்த பிறகுதான் சிரிப்பு நின்று, பழைய நினைவு ஒன்று வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது. அதைத்தான் இம்மாதம் உங்களோடு கதைக்கப் போகிறேன்.

முதலில் படத்தின் கதை. காட்டுக்குள் ஒரு வேட்டைக்காரன் துவக்கோடு வருகிறான். புத்தி கொஞ்சம் மந்தம். அவனிடமிருந்து தப்ப வேண்டிய வாத்து என்ன செய்கிறது தெரியுமா? முயலின் காலடி போன்ற அச்சுகளை மண்ணில் பதித்துக்கொண்டே போய், முயலின் வளை வாசலில் கொண்டுபோய் விடுகிறது. ‘வேட்டைக்காரன் முயலைச் சுடட்டும், நான் தப்பிவிடுவேன்’ என்பது அதன் கணக்கு. முயல் சும்மா இருக்குமா? வெளியே வந்து, இது முயல் சுடும் காலமல்ல, வாத்துச் சுடும் காலம் என்று வேட்டைக்காரனிடம் நிதானமாகச் சொல்கிறது. வாத்துக்குக் கோபம் வருகிறது. முயல் காலம் என்று வாத்து கத்த, வாத்துக் காலம் என்று முயல் சொல்ல, வேட்டைக்காரனின் துவக்கு இங்கும் அங்கும் திரும்புகிறது.

இனித்தான் வேடிக்கை. இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, முயல் சத்தமில்லாமல் தன் பேச்சை மாற்றிவிடுகிறது. இதுவரை வாத்துக் காலம் என்று சொன்ன முயல், திடீரென்று முயல் காலம் என்கிறது. கோபத்தில் கண் மண் தெரியாமல் நிற்கும் வாத்து, எதிரி சொன்னதற்கு எதிராகச் சொல்ல வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், இல்லை, வாத்துக் காலம்தான் என்று கத்துகிறது. அதோடு நிற்காமல் சுடும்படி கட்டளையும் போடுகிறது. வேட்டைக்காரன் சொன்னபடி செய்கிறான். புகை அடங்கும்போது வாத்தின் அலகு முகத்தில் இடம் மாறிப்போய்க் கிடக்கிறது. அதைப் பிடித்துத் திருப்பி வைத்துக்கொண்டு வாத்து மறுபடியும் சண்டைக்கு வருகிறது. மறுபடியும் அதே வலையில் விழுகிறது.

இந்தப் படம் இன்று நேற்று வந்ததல்ல. 1951 இல் அமெரிக்காவில் வோர்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இயக்கியவர் சக் ஜோன்ஸ், கதை எழுதியவர் மைக்கேல் மால்ட்டீஸ். அந்நாளில் வீடுகளில் தொலைக்காட்சி இன்றுபோல் பரவியிருக்கவில்லை. தியேட்டர்களில் பெரிய படத்துக்கு முன்னால் காட்டுவதற்காகவே இப்படியான குட்டிப் படங்களைச் செய்தார்கள். இந்தப் படம் நன்றாகப் போகவே, அதே முயல், அதே வாத்து, அதே வேட்டைக்காரனை வைத்து 1952 இலும் 1953 இலும் இன்னும் இரண்டு படங்களைச் செய்தார் ஜோன்ஸ். முயலின் பெயர் பக்ஸ் பனி, வாத்து டாஃபி டக், வேட்டைக்காரன் எல்மர் ஃபட்.

இன்னொரு தகவலும் உண்டு. அந்த முயலுக்கும் வாத்துக்கும் குரல் கொடுத்தவர் இருவரல்லர், ஒருவரே. மெல் பிளாங்க் என்ற கலைஞர். இதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சண்டை முழுதும் ஒரே தொண்டையிலிருந்து வந்த சண்டை! ஏன் சுருக்கென்றது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களில் என் வயதுச் சகோதரிகளுக்கு இந்த முயல் புதிதல்ல. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. ஒரு ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் டீவி இருக்கும். கட்டிலிலும் தரையிலும் யன்னல் கம்பியிலுமாக அயல் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டில்தான். அக்காலத்தில் ரூபவாஹினியின் குரல்மாற்றுப் பிரிவைக் கட்டியெழுப்பியவர் டைட்டஸ் தொட்டவத்த. 1956 இல் வந்த ‘ரேகாவ’ படத்தின் படத்தொகுப்பாளர். 2011 இல் காலமானார். அவர்தான் இந்த அமெரிக்க முயலைச் சிங்களம் பேச வைத்து, ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்று பெயரும் வைத்தார். ‘ஹாவா’ என்றால் சிங்களத்தில் முயல். எங்கள் கரையோரப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குச் சிங்களத்தில் தெரிந்த முதற் சொல் இந்த முயலின் பெயர்தான். என் மூத்த மகன் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு ‘ஹாவா’ வரும்வரை வாய் திறக்கமாட்டான். இன்று அவனுடைய பிள்ளைகள் அதே முயலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கார்ட்டூன் பார்க்கலாமா கூடாதா, எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்ற கேள்விகளுக்கு இங்கே நான் விடை சொல்ல வரவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகள் எப்படியும் பார்த்துவிட்ட ஒன்றிலிருந்து அவர்களும் நாமும் என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கதை.

சகோதரிகளே, அந்த வாத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அதைச் சுட வைத்தது எது? முயலின் தந்திரம் என்பீர்கள். தந்திரம் பாதிதான். மறுபாதி வாத்தின் கோபம். கோபம் வந்தவருக்கு எதிரே நிற்பவர் சொல்லும் சொல் காதில் விழுவதில்லை, சொல்லும் முகம் மட்டுமே தெரிகிறது. அந்த முகம் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகச் சொல்வதே வெற்றி என்று தோன்றுகிறது. தனக்கு வேண்டியதையே எதிரி தந்தாலும், அவர் கையால் வந்தது என்பதற்காக எட்டி உதைக்கச் சொல்கிறது. பலசாலி என்பவர் மல்யுத்தத்தில் ஆளை வீழ்த்துபவர் அல்லர், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவரே என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்தது இதற்காகத்தான். நின்றுகொண்டிருந்தால் இருந்துவிடும்படியும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துவிடும்படியும் கற்றுத் தந்தார்கள். அந்த வாத்து ஒரு நிமிடம் குந்தியிருந்து, ‘முயல் இப்போது என்ன சொன்னது?’ என்று காது கொடுத்துக் கேட்டிருந்தால் அலகு இடம் மாறியிருக்காது.

இனி நான் சொல்ல வந்த பழைய நினைவு. எழுதுவதா விடுவதா என்று இரண்டு இரவு யோசித்தேன். ராத்தாவிடம் கேட்டேன். “எழுது, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்” என்றா.

நமது பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண் பிள்ளைக்கு. உம்மா இருந்த வீடு ராத்தாவுக்கு, பின் வளவு எனக்கு. அதில் நாங்கள் ஒரு வீடு கட்டிக்கொண்டோம். இரண்டு வளவுக்கும் எல்லையில் உம்மா வைத்த ஒரு தென்னை நின்றது. உம்மா மௌத்தாகும்வரை அந்த மரம் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. விழுந்த தேங்காயைக் கண்டவர் எடுப்பார், மற்றவருக்கும் கொடுப்பார்.

உம்மா மௌத்தாகி ஒரு வருடம் போயிருக்கும். இரண்டு வீட்டுக்கும் வந்து போகும் ஒருவர் இருந்தார். ஒரு நாள் என்னிடம், “உங்கட ராத்தா உறுதியத் தூக்கிட்டு நொத்தாரிசுக்கிட்டப் போறாவாம், தென்னையும் அவடதாம்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. நான் விசாரிக்கவில்லை. பத்து யார் தூரத்தில் இருக்கும் ராத்தாவிடம் போய் ‘உண்மையா?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே மனிதர் அதே கிழமை ராத்தாவிடமும் போய், நான் நொத்தாரிசுவிடம் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவவும் விசாரிக்கவில்லை. கடைசியில் இருவருமே போனோம்.

ஊரில் பெரியவர்கள் சிலர் சமாதானம் பேச முன்வந்தார்கள். ராத்தா வீட்டு விறாந்தையில்தான் பேச்சு. நான் யன்னலுக்கு அப்பால் நின்றேன். பேசிக்கொண்டே போக, ராத்தா மனம் சலித்து, “சரி, மரம் அவளுக்கே இரிக்கட்டும், எடுக்கச் சொல்லுங்க” என்றா. சகோதரிகளே, ஒரு வருடமாக நான் சண்டை பிடித்தது இந்த ஒரு சொல்லுக்காகத்தான். வந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அவ போட்ட பிச்சை எனக்கு வேணாம், அவவே வெச்சிக்கட்டும்!” உடனே ராத்தா, “எனக்கும் வேணாம்!” என்றா. வந்த பெரியவர்கள் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்கள். யாருக்கும் வேண்டாத மரத்துக்காக அடுத்த மாதம் வழக்குப் போட்டோம்!

வாத்தைப் பார்த்து அன்று விறாந்தையில் நான் சிரித்த சிரிப்பு ஏன் பாதியில் நின்றது என்று இப்போது விளங்குகிறதா?

ஐந்து வருடம் தவணைக்குத் தவணை அலைந்தோம். பெருநாளைக்கு ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் பலகாரத் தட்டுப் போகவில்லை. பிள்ளைகள் ஒளித்து ஒளித்து விளையாடினார்கள். மூன்று நாளுக்கு மேல் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பது ஆகுமானதல்ல என்ற ஹதீஸைப் பெண்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த வருடங்களில் அந்த ஹதீஸ் வரும் நாளில் என் குரல் இறங்கிவிடும். செலவு முட்டியபோது, வீதிப் பக்கத்துத் துண்டுக் காணியை விற்றுத்தான் இருவரும் கடனை அடைத்தோம். மலிவாகத்தான் போனது. வாங்கியவர் யார்? இரண்டு வீட்டுக்கும் வந்து போன அதே மனிதர். அந்தத் துண்டுக்குள்தான் தென்னையும் நின்றது.

கடை கட்டுவதற்காக மரத்தை அறுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாள் சத்தம் கேட்டு நான் இந்தப் பக்கம் வந்தேன், ராத்தா அந்தப் பக்கம் வந்தா. மரம் விழுந்தது. “உம்மாட தென்ன போச்சே தங்கச்சி” என்றா. ஐந்து வருடத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது. வேலியைப் பிடித்துக்கொண்டு இருவரும் அழுதோம். நாங்கள் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். முயலும் வாத்தும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்று வாசித்தபோது ஏன் சுருக்கென்றது என்று கேட்டீர்களே, இதுதான்.

அந்த மனிதரை நான் இன்று குறை சொல்ல வரவில்லை. கோள் சொல்வது பெரும் பாவம், அதற்கு அவர் அல்லாஹ்விடம் பதில் சொல்லட்டும். ஆனால் வளை வாசல்வரை காலடி அச்சைப் பதித்து அவருக்கு வழி காட்டியது யார்? நாங்கள்தானே? செய்தி ஒன்று வந்தால் தீர விசாரிக்கும்படி சூறத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். அதே சூறாவில், முஃமின்கள் சகோதரர்கள் என்றும், அவர்களுக்கிடையில் சமாதானம் செய்துவைக்கும்படியும் சொல்கிறான். இரண்டு கட்டளையும் ஒரே சூறாவில், சில வசனங்களின் இடைவெளியில் இருக்கின்றன. விசாரிக்காத இடத்தில் சமாதானம் நிற்காது என்பதை நான் ஒரு தென்னையைக் கொடுத்துப் படித்தேன்.

வீட்டுக்கு வெளியேயும் சற்றுப் பார்ப்போம். நமது கரையோர வீதியில் பஸ்ஸில் போனால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக மாறி மாறி வரும். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மருதமுனைத் தறியில் நெய்த சாரியைப் பக்கத்து ஊர்த் தமிழ்ப் பெண்கள் உடுத்தார்கள். அவர்களின் தயிர் நமது வீட்டுக்கு வந்தது. அப்படி இருந்த பிட்டும் தேங்காய்ப்பூவும் 1985 இலும் 1990 இலும் என்ன ஆனது என்பதை நான் இங்கே விரிக்கத் தேவையில்லை. இந்தப் பக்கத்து உம்மாமாரும் அழுதார்கள், அந்தப் பக்கத்து அம்மாமாரும் அழுதார்கள். ‘அவர்கள் உங்களை அடிக்க வருகிறார்கள்’ என்று இங்கே ஒரு கதை, ‘இவர்கள் உங்களை அடிக்க வருகிறார்கள்’ என்று அங்கே ஒரு கதை. துவக்கு யார் கையில் இருந்தது என்று பார்க்க இரு பக்கத்திலும் பலருக்கு அவகாசம் இருக்கவில்லை.

இன்று கதை வாய் வழியே வர வேண்டியதில்லை. கைப்பேசியில் வருகிறது. யார் அனுப்பியது, எந்த வருடத்துப் படம், எந்த நாட்டுப் படம் என்று ஒன்றும் தெரியாமல் ‘உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று வரும் செய்தியை அனுப்பிவிடுகிறோம். முயலின் வளைக்குக் காலடி அச்சுப் பதிப்பது இப்போது ஒரு விரல் வேலை. சகோதரிகளே, அந்த விரலைச் சற்றுப் பிடியுங்கள்.

துவக்கு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் சுடுபட்ட வாத்துக்கு அலகு மட்டும்தான் திரும்புகிறது. நமது ஊர்ப் பெரியவர்களுக்குத் துவக்குச் சத்தம் என்றால் என்ன என்று தெரியும். 2009 இல் யுத்தம் முடிந்த பின் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் 2019 ஏப்ரல் 26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் கேட்ட வெடிச்சத்தத்தை அயலில் இருந்த பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே இப்படியான படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கும்போது, ‘இது கார்ட்டூன், உண்மையில் சுட்டால் எழும்ப முடியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிரிப்பைக் கெடுக்க வேண்டாம், சிரித்து முடிந்த பிறகு சொல்லுங்கள்.

படத்தின் நடுவே ஓர் இடம் வருகிறது. வாத்தைச் சமைப்பது எப்படி, முயலைச் சமைப்பது எப்படி என்று இருவரும் சமையல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒருவரை மற்றவர் ருசியான கறியாக்கிக் காட்டுகிறார்கள். அப்போதுதான் வேட்டைக்காரன் தான் மரக்கறி மட்டும் உண்பவன் என்றும், பொழுதுபோக்குக்காகவே சுடுவதாகவும் சொல்கிறான்! இருவரின் சண்டைக்கும் அவனுக்குப் பசி கூடக் காரணமில்லை. உண்பதற்காக வேட்டையாடுவதை மார்க்கம் ஒழுங்குகளோடு அனுமதித்திருக்கிறது. விளையாட்டுக்காக உயிரை இலக்காக வைப்பதை அனுமதிக்கவில்லை. இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடுவதைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ள ஒன்றை இலக்காக்குபவரை நபியவர்கள் சபித்ததாகச் சொல்லி அவர்களைக் கண்டித்தது ஹதீஸில் வருகிறது. அணிலுக்கும் காக்கைக்கும் கவண் அடிக்கும் நமது பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

இனிப் படத்தின் முடிவு. மரத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. முயல் காலம் என்று ஒருவர் காட்ட, மற்றவர் அதைக் கிழிக்கிறார். அடியில் வாத்துக் காலம் என்று இன்னொன்று. அதையும் கிழிக்க, மறுபடி முயல். இப்படிக் கிழித்துக்கொண்டே போக, கடைசித் தாளில் அந்த வேட்டைக்காரனின் பெயரே இருக்கிறது. அவனைச் சுடும் காலமாம்! அவன் திகைத்து நிற்க, முயலும் வாத்தும் வேட்டைக்கார உடுப்பில் துவக்கோடு ஒன்றாக அவனைத் தேடிப் புறப்படுகின்றன.

பிள்ளைகள் கை தட்டினார்கள். சின்னவள் மட்டும் தட்டவில்லை. “உம்மம்மா, இப்ப அவங்களும் துவக்கு எடுத்திட்டாங்களே?” என்றாள்.

ஏழு வயதுப் பிள்ளை. எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்றிரவு இஷாவுக்குப் பிறகு, பாயில் வரிசையாகப் படுத்திருந்த ஐந்து பேருக்கும் பதிலாக இரண்டு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டும் ‘கலீலா வ திம்னா’ என்ற அரபு நூலில் உள்ளவை. இந்தியாவின் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகத்தின் பழைய மொழியான பஹ்லவிக்குப் போய், அங்கிருந்து ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில், கி.பி. 750 அளவில், இப்னுல் முகஃப்பஃ என்ற அறிஞரால் அரபுக்கு வந்தன. வேறு சில கதைகளும் சேர்ந்துகொண்டன. அரபிலிருந்து உலகின் எத்தனையோ மொழிகளுக்குப் போயின. முயலையும் வாத்தையும் வரைந்தவர்கள் பிறப்பதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே, வேட்டைக்காரனை ஏமாற்றிய பிராணிகளின் கதைகளை முஸ்லிம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதற் கதை புறாக்களுடையது. வேடன் வலை விரித்துத் தானியம் தூவுகிறான். புறாக்கூட்டம் ஒன்று வந்து அகப்பட்டுக்கொள்கிறது. ஒவ்வொன்றும் தான் தப்பினால் போதும் என்று தனித்தனியே சிறகடிக்கிறது. வலை இன்னும் இறுகுகிறது. கழுத்தில் வளையம் உள்ள தலைவிப் புறா சொல்கிறது: தன் உயிரை மட்டும் பெரிதாக எண்ண வேண்டாம், எல்லோரும் ஒன்றாக எழும்புவோம் என்று. ஒரே வீச்சில் எழும்பினார்கள், வலையும் சேர்ந்து எழும்பியது. தலைவியின் தோழனான எலியிடம் போய் இறங்கினார்கள். எலி அன்பினால் தலைவியின் கட்டையே முதலில் கடிக்கத் தொடங்குகிறது. அவளோ, “மற்றவர்களின் கட்டை முதலில் அறு. என்னை முதலில் விடுவித்தால் களைத்துப்போய் அவர்களை விட்டுவிடுவாய். நான் கடைசியாக இருந்தால் என்மேல் உள்ள அன்பினால் முடிக்கும்வரை ஓயமாட்டாய்” என்கிறாள். இந்த இடத்தில் என் மூத்த பேரன் எழும்பி உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாம் கதை எலிக்கும் பூனைக்கும் நடந்தது. இவை தோழர்கள் அல்ல, பிறவிப் பகைவர்கள். பூனை வலையில் மாட்டிக்கொள்கிறது. எலிக்குச் சந்தோஷம். ஆனால் திரும்பிப் பார்த்தால் பின்னால் கீரி, மேலே கொப்பில் ஆந்தை. எலி பூனையிடம் போய்ச் சொல்கிறது: என்னை உன் பக்கத்தில் நிற்க விடு, அவை பயந்து போய்விடும், நான் உன் கட்டை அறுக்கிறேன். பூனை சம்மதிக்கிறது. கீரியும் ஆந்தையும் போய்விட்டன. எலி ஒவ்வொன்றாக அறுக்கிறது, ஆனால் ஒரு முடிச்சை மட்டும் மீதி வைக்கிறது. வேடன் கிட்ட வந்ததும் அதையும் அறுக்கிறது. அப்போது பூனைக்கு மரத்தில் ஏறவே நேரம், எலியைப் பிடிக்க நேரமில்லை. பூனை கொப்பில், எலி வளையில், வேடன் கையில் கிழிந்த வலை! மறுநாள் பூனை நட்புக் கொண்டாட அழைத்தபோது, எலி தூரத்தில் நின்றே ஸலாம் சொல்லிப் போய்விட்டது என்று நான் சொல்ல, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

இந்த இரண்டாம் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லோரும் எல்லோரோடும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்லவில்லை. மனத்துக்கு ஒவ்வாத மாமியும் மருமகளும் இருப்பார்கள், மச்சியும் மதினியும் இருப்பார்கள், பக்கத்து வளவுக்காரரும் இருப்பார்கள். தூரத்தில் நின்று ஸலாம் சொல்லும் உறவாகவே அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவரை வேட்டைக்காரனுக்குக் காட்டிக்கொடுக்காதீர்கள். அவர் அகப்பட்ட வலை உங்களுக்கும் விரித்த வலைதான்.

கதை முடிந்ததும் சின்னவளிடம் கேட்டேன்: “இதில யாராச்சும் துவக்கு எடுத்தாங்களா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்ல உம்மம்மா, கயிற மட்டும்தான் அறுத்தாங்க” என்றாள். சொல்லிவிட்டு உறங்கிவிட்டாள்.

சகோதரிகளே, என் வீட்டில் அந்த வாரத்திலிருந்து ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். முன்பெல்லாம் பிள்ளைகள் சண்டை பிடித்துக்கொண்டு ஓடி வந்து, ‘அவன்தான் அடிச்சான்’, ‘இவள்தான் தொடங்கினாள்’ என்றால், யார் முதலில் சொன்னாரோ அவர் காட்டிய பக்கம் என் கை போகும். புத்தி மந்தமான அந்த வேட்டைக்காரன் வேறு யாருமல்ல, நான்தான்! இப்போது இருவரையும் இருக்கச் சொல்கிறேன். ஒருவர் சொல்லி முடிந்ததும், மற்றவர் தன் நியாயத்தைச் சொல்லும் முன், முதலாமவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பாதிச் சண்டை அதிலேயே சிரிப்பாகிப் போகிறது. நீங்களும் செய்து பாருங்கள். பிள்ளைகளுக்குள் மட்டுமல்ல, கணவனோடும் மாமியோடும் கூட. பதில் சொல்லும் முன், அவர் சொன்னது என்ன என்று ஒரு தடவை உள்ளுக்குள் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த நாள் ராத்தா வந்தா. கையில் மூடிய கோப்பையில் பிட்டு. தென்னை நின்ற இடத்தில் இப்போது கடை. அதன் பின் சுவரோரமாகத்தான் நாங்கள் இருவரும் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கு வந்து போகிறோம். பிள்ளைகள் அவவையும் பிடித்து இருத்தி அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வாத்து முதல் தடவை வாய் மாறிக் கத்திய இடத்தில் ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தா. நானும் பார்த்தேன். இருவரும் சிரித்தோம். கண் கலங்கியதைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை.

உங்கள் வீட்டு எல்லையிலும் ஒரு தென்னை நிற்கலாம். அது நிற்கும்போதே போய்க் கதையுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.